கதிரைப் பட்டியலில் தொடங்கிய கூட்டு: வட கொழும்பின் ஏழு சிறு சங்கங்களும் ஒரு நிதி விண்ணப்பமும்

பின்னணி

2023 ஜனவரி முதல் 2025 ஜூன் வரை, வட கொழும்பில் மட்டக்குளி, முகத்துவாரம், கொட்டாஞ்சேனை பக்கமாக இயங்கும் ஏழு சிறு சங்கங்களோடு வேலை செய்தேன். அவர்களை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்துவதும், நிதி தேட உதவுவதும் என் பொறுப்பு. சங்கங்களின் பெயரையோ ஆட்களின் பெயரையோ இங்கே எழுதவில்லை. அடையாளம் காட்டக்கூடிய சில விபரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். கொழும்பில் ‘தோட்டம்’ என்றால் தேயிலைத் தோட்டம் அல்ல. ஓர் ஒழுங்கைக்குள் சுவரோடு சுவராக நிற்கும் வீடுகள், பல இடங்களில் இன்றும் பொதுக் குழாய், பொது மலசலகூடம். இப்படிப்பட்ட தோட்டங்களிலிருந்து பல குடும்பங்கள் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நகர அபிவிருத்தி அதிகார சபை கட்டிய தொடர்மாடிகளுக்கு மாற்றப்பட்டன. ஏழு சங்கங்களில் ஐந்து தோட்டங்களில் இருந்தன, இரண்டு தொடர்மாடிகளில்.

மிகப் பழையது ஒரு மரண உதவிச் சங்கம். அடுத்தது பெண்களின் சேமிப்புக் குழு, சீட்டுப் பிடிப்பதில் தொடங்கி சிறு கடன் கொடுக்கும் அளவுக்கு வளர்ந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நடத்தும் மாலை வகுப்பும் இருந்தது. அவரை எல்லாரும் ‘மிஸ்’ என்றே அழைப்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். பள்ளிவாசலை அண்டிய நிவாரணக் குழு, இளைஞர் விளையாட்டுக் கழகம், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பெற்றோர் குழு ஆகியவை இன்னும் மூன்று. ஏழாவது ஒரு தொடர்மாடிப் பராமரிப்புக் குழு, அதில் பெரும்பாலானோர் சிங்களம் பேசுபவர்கள்.

நான் போன நேரம் நல்ல நேரம் அல்ல. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டிருந்தது. அரிசிக்கும் காஸுக்கும் போன பிறகு சந்தாவுக்குக் காசு மிஞ்சவில்லை. அதோடு 2023 மார்ச்சில் உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. கொழும்பு மாநகர சபையிலும் 2025 மே 6 தேர்தல் வரை தெரிவான உறுப்பினர்கள் இல்லை. தண்ணீர்க் குழாயோ மின்குமிழோ வேண்டுமென்றால் வட்டார உறுப்பினரிடம் கடிதம் கொடுத்துப் பழகிய சங்கங்களுக்கு அந்தக் கதவும் மூடிவிட்டது.

முதல் மூன்று மாதங்களில் கண்டவை

கூட்டம் எதுவும் வைக்காமல் ஒவ்வொரு சங்கமாகப் போய் உட்கார்ந்தேன். கணக்குக் கொப்பியையும் கடிதக் கோப்பையும் காட்டச் சொன்னேன். நாலு சங்கங்களின் கோப்பில், கொழும்பின் மொத்த வியாபாரப் பகுதியான புறக்கோட்டையைச் சேர்ந்த ஒரே வியாபாரிக்கு எழுதிய கடிதப் பிரதி இருந்தது. அரிசி கேட்டு, பருப்பு கேட்டு, கொப்பி கேட்டு. நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருந்தும், ஒருவர் கேட்டது மற்றவருக்குத் தெரியாது. பிறகு அந்த வியாபாரியைச் சந்தித்தேன். கொடுக்க அவருக்கு மனமிருந்தது. யாருக்குக் கொடுப்பது என்று தெரியாததால், முதலில் வந்தவருக்கே கொடுத்து வந்திருக்கிறார்.

மரண உதவிச் சங்கத்திடம் 120 பிளாஸ்டிக் கதிரைகள், இரண்டு கூடாரங்கள், பெரிய அண்டாக்கள், நீளமான மின்வயர்கள் இருந்தன. மாதத்தில் பாதி நாள் அவை ஓர் அறைக்குள் அடுக்கிக் கிடந்தன. அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் மிஸ்ஸின் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். பரிசளிப்பு விழாவுக்கு மிஸ் ஒரு கடையிலிருந்து வாடகைக்குக் கதிரை எடுத்திருந்தார், அந்த ரசீது அவர் கோப்பில் இருந்தது.

கணக்கைப் பொறுத்தவரை பெரும்பாலானோரிடம் இருந்தது கடின அட்டை போட்ட ஒரே ஒரு சீ.ஆர். கொப்பி. வரவு ஒரு பக்கம், செலவு இன்னொரு பக்கம், நடுவில் யாரோ ஒருவரின் தொலைபேசி இலக்கம். மரண உதவிச் சங்கம் மட்டும் விதிவிலக்கு. மாதச் சந்தாவை வீட்டு அட்டையில் குறித்துக் கையொப்பமிடுவார்கள். அதன் பொருளாளர், துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர், காரணம் சொன்னார்: “தம்பி, செத்த வீட்டுல கணக்குப் பிழைச்சா அடுத்த மாசம் ஒருத்தரும் சந்தா கட்டமாட்டாங்க.”

அவர் வீட்டில் இன்னொரு பழைய கோப்பும் இருந்தது. கொழும்பில் தோட்டங்கள்தோறும் சமூக அபிவிருத்திச் சபைகள் 1970களின் இறுதியிலிருந்து அமைக்கப்பட்டன. 1984இல் தொடங்கிய பத்து லட்சம் வீட்டுத் திட்டத்தின் காலத்தில், வடிகான், கிணறு, மலசலகூடம் போன்ற சிறு வேலைகளை வெளி ஒப்பந்தகாரருக்குக் கொடுக்காமல் அந்தந்தத் தோட்டத்துச் சபைக்கே ‘சமூக ஒப்பந்தம்’ என்று கொடுக்கும் வழக்கம் வந்தது. பெரியவரின் கோப்பில் அப்படியொரு வடிகான் வேலையின் கூட்டக் குறிப்புகளும் கூலிப் பட்டியலும் மஞ்சளேறிக் கிடந்தன. இந்த மக்களுக்கு நிதி நிர்வாகம் புதிதல்ல என்பதை அந்தக் கோப்பைக் கையில் எடுத்தபோதுதான் உணர்ந்தேன். ஆனாலும் அதன்படி நடக்க எனக்கு இன்னும் பல மாதங்கள் எடுத்தன.

முதல் முடிவு: ஒன்றியம்

2023 ஏப்ரலில், ஏழு சங்கங்களையும் சேர்த்து ஓர் ஒன்றியம் அமைப்போம் என்று நான்தான் முன்மொழிந்தேன். ஒரே பெயரில், ஒரே பதிவில் போனால் நிதி வழங்குநர்கள் மதிப்பார்கள் என்பது என் எண்ணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் பாடசாலை மண்டபத்தில் 31 பேர் கூடினார்கள்.

தலைவர் யார் என்பதிலேயே இரண்டு மணித்தியாலம் போனது. அஸர் தொழுகை நேரமாகிவிட்டதால் நிவாரணக் குழுவினர் பாதியில் எழுந்து போனார்கள். தொடர்மாடிக் குழுவின் மூன்று பேருக்கும் மொழிபெயர்க்க யாரையும் நான் ஏற்பாடு செய்யவில்லை, அவர்கள் கடைசிவரை பேசாமலே இருந்தார்கள். விளையாட்டுக் கழகத்துத் தம்பிமார் தங்களுக்கு ஒரு பதவியாவது வேண்டுமென்றார்கள். எதுவும் முடிவாகாமல் தேநீரோடு கலைந்தோம். அடுத்த கூட்டத்துக்கு வந்தவர்கள் ஒன்பது பேர்.

இந்தத் தோல்விக்கு அவர்களின் ஒற்றுமையின்மையைக் காரணம் சொல்வது நியாயமாகாது. ஒன்றாகச் செய்து பார்த்த வேலை ஒன்றும் இல்லாத நேரத்தில் பதவிகளை மேசையில் வைத்தேன். பங்கிட வேறொன்றும் இல்லாதபோது பதவியைத்தான் பங்கிடப் பார்ப்பார்கள்.

ஜூன், ஜூலை 2023: அஸ்வெசும

சங்கங்கள் ஒன்றாக வேலை செய்ததற்கு நான் காரணமல்ல. 2023 ஜூனில் அஸ்வெசும நலன்புரித் திட்டத்தின் பெயர்ப்பட்டியல் வெளியானது. நாலு பிரிவுகளில் மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா. அதற்கு முன்பிருந்த அரச உதவியான சமுர்த்தியை எடுத்து வந்த பலரின் பெயர் அதில் இல்லை, சிலர் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த பிரிவில் விழுந்திருந்தார்கள். மேன்முறையீட்டுக்கு ஜூலை 10 வரை அவகாசம்.

முதலில் அசைந்தவர்கள் சேமிப்புக் குழுப் பெண்கள். எந்த வீட்டில் எத்தனை பேர், யார் நோயாளி, யாருடைய கணவர் வேலையிழந்தார் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் இணையத்தில் படிவம் நிரப்பத் தெரிந்தவர் அவர்களிடம் இல்லை. மிஸ்ஸின் பழைய மாணவர்கள் இருவருக்கு அது தெரியும். நிவாரணக் குழுவிடம் பிரதியெடுக்கும் இயந்திரம் இருந்தது. மரண உதவிச் சங்கம் கூடாரம் போட்டுக் கதிரை அடுக்கியது. தொடர்மாடிக் குழுவின் செயலாளரம்மா சிங்களத்தில் வந்த கடிதங்களை வாசித்து விளக்கினார். “அக்கே, இதுல என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டுக்கொண்டு தமிழ்ப் பெண்கள் அவரைச் சூழ்ந்து நின்றதைப் பார்த்தபோது, ஏப்ரல் கூட்டத்தில் அவர் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது.

எத்தனை பேருக்குப் பணம் கிடைத்தது என்ற முழுக்கணக்கு எங்களிடம் இல்லை. எழுதிக்கொடுத்த படிவங்களைக் குறித்து வைத்தோம், பின்னர் என்ன நடந்தது என்று வீடுவீடாகத் தொடர்ந்து கேட்கவில்லை. பின்னால் அது எங்களையே பாதித்தது.

கதிரைப் பட்டியல்

ஆகஸ்டில் ஒன்றிய யோசனையைக் கைவிட்டேன். அதற்குப் பதிலாக ஒவ்வொரு சங்கமும் தன்னிடம் இரவல் கொடுக்கக்கூடியது என்ன, தனக்குத் தேவையானது என்ன என்று ஒரே தாளில் எழுதியது. கதிரை, கூடாரம், அண்டா, இயந்திரம், தையல் மெசின், ஒலிபெருக்கி. ஆட்களின் நேரத்தையும் சேர்த்துக்கொண்டோம்: படிவம் நிரப்புபவர், சிங்களம் எழுதுபவர், கணக்கு எழுதுபவர். தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்து ஏழு இடங்களிலும் ஒட்டினோம். அதன் பெயர் இன்றுவரை ‘கதிரைப் பட்டியல்’.

மரண உதவிச் சங்கம் ஒரு நிபந்தனை போட்டது: எண்ணிக் கொடுப்போம், எண்ணித் திருப்பித் தரவேண்டும், மரணம் நேர்ந்தால் அதற்கே முதலிடம். இரவல் புத்தகமொன்று வந்தது. அந்தப் புத்தகத்தில் கையொப்பமிட்டுப் பழகியதுதான் மற்றச் சங்கங்களுக்குக் கணக்கெழுதும் பயிற்சியாக அமைந்தது. அதற்கு முன் நான் நடத்திய ஒருநாள் கணக்குப் பயிற்சிப் பட்டறையில் எல்லாரும் மரியாதைக்கு உட்கார்ந்திருந்ததோடு சரி.

மாதாந்தச் சந்திப்பை இரண்டாவது ஞாயிறு காலை பத்து மணிக்கு வைத்தோம். பூசைக்கும் தொழுகைக்கும் இடையூறில்லாத நேரம். ஒவ்வொரு மாதமும் ஒரு சங்கத்தின் இடத்தில், அந்தச் சங்கத்தவரே நடத்துவார்கள். தலைவர் பதவி என்று ஒன்று இல்லை. புறக்கோட்டை வியாபாரியிடமும் இனித் தனித்தனியே போவதில்லை, மாதமொருமுறை ஒரே கடிதம், யாருக்கு என்ன என்ற விபரத்தோடு, என்று முடிவானது. அவர் கொடுத்த பொருளை அன்றைய சந்தை விலையில் வரவாக எழுதத் தொடங்கினோம். பொருளாக வந்ததையும் வருமானமாகக் காட்டலாம் என்பது பலருக்குப் புதுச் செய்தி.

முதல் விண்ணப்பமும் நிராகரிப்பும்

கொழும்பில் தூதரகங்கள் சில உள்ளூர் அமைப்புகளுக்குச் சிறு நிதி கொடுக்கின்றன. யப்பான், அவுஸ்திரேலியா, கனடா ஆகியவற்றுக்கு அப்படியான திட்டங்கள் உண்டு. ரோட்டரி, லயன்ஸ் கழகங்களும் உள்ளூர் அறக்கட்டளைகளும் உதவுகின்றன. 2023 நவம்பரில் ஒரு வெளிநாட்டு நிதிக்கு விண்ணப்பித்தோம். எது என்று சொல்வது இங்கு அவசியமில்லை.

விண்ணப்பம் ஆங்கிலத்தில். முடிவுத் திகதிக்கு மூன்று நாள் இருக்கும்போது நானே இரவிரவாக எழுதினேன். தொழிற்பயிற்சி நிலையம், கணினி அறை, பெண்களுக்குச் சுயதொழில் என்று எல்லாவற்றையும் சேர்த்து 42 லட்சம் ரூபாவுக்குப் பாதீடு போட்டேன். சேமிப்புக் குழுவின் பெயரில் அனுப்பினோம்.

ஜனவரியில் அலுவலர் இருவர் பார்வையிட வந்தார்கள். சேமிப்புக் குழுவின் பொருளாளரிடம் ஒருவர் மரியாதையாகத்தான் கேட்டார்: கணினிக்கு ஏன் இவ்வளவு தொகை? அந்த அக்கா என்னைப் பார்த்தார். பிறகு உண்மையைச் சொன்னார்: “சேர்தான் எழுதினவர், எனக்கு விளங்கேல்ல.” மாதாமாதம் ஐம்பது பேரின் சேமிப்பைச் சதம் பிழைக்காமல் நடத்தும் பெண் அவர். தன் குழுவின் பெயரில் போன தாளை அவரால் விளக்க முடியாத நிலையில் நான் வைத்திருந்தேன். அன்று அவர் முகம் வாடியதற்கு நான் இன்னும் பொறுப்புச் சொல்லவேண்டியவன்.

பெப்ரவரியில் மறுப்புக் கடிதம் வந்தது. சட்டபூர்வப் பதிவு இல்லை, கணக்காய்வு செய்த அறிக்கை இல்லை, முந்திய வேலையின் பலன் பதிவாகவில்லை என மூன்று காரணங்கள். மூன்றாவது அஸ்வெசும வேலையைப் பற்றியது. நாங்கள் உண்மையாகவே செய்த ஒரு நல்ல வேலைக்குத் தாளில் சான்றில்லை.

பதிவும் வங்கிக் கணக்கும்

2024 மார்ச்சில், எந்தப் பதிவு பொருத்தம் என்று சந்திப்பில் பேசினோம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகலாம் என்று ஒருவர் ஆலோசனை தந்திருந்தார். அதற்குக் கம்பனிச் செயலாளர், வருடாந்தக் கணக்காய்வு, அறிக்கை தாக்கல் என்று நிரந்தரச் செலவுகள் உண்டு. மாதம் சில நூறு ரூபா சந்தா சேரும் குழு அதைத் தாங்காது. 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தன்னார்வச் சமூக சேவை அமைப்பாகப் பிரதேச மட்டத்தில் பதிவதே போதும் என்று முடிவெடுத்தோம். ஏழு சங்கங்களும் பதியத் தேவையில்லை, சேமிப்புக் குழுவும் மாலை வகுப்பும் பதிந்தால் மற்றவை அவற்றினூடாகச் செயற்படலாம்.

யாப்பு, அதாவது சங்கத்தின் விதிமுறைகள், எழுதுவதில் ஆறு வாரம் போனது. இந்த ஆறு வாரத்தை வீண் என்று நான் நினைக்கவில்லை. ‘பொருளாளர் இல்லாதபோது யார் கையொப்பமிடுவது’, ‘சங்கம் கலைந்தால் பணம் யாருக்கு’ என்ற கேள்விகளை அக்காமார் அப்போதுதான் முதன்முறையாகச் சத்தமாகப் பேசினார்கள். கிராம உத்தியோகத்தரின் சிபாரிசு, கூட்டக் குறிப்புகள், அலுவலர் பட்டியல், எல்லாம் சேர்த்துப் பதிவு கைக்கு வர ஜூலை ஆனது. வங்கியில் சேமிப்புக் குழுவின் பெயரில் இருவர் கையொப்பத்துடன் கணக்குத் திறந்தோம், அதன் தலைவரும் பொருளாளரும். மூன்றாவதாக ஒருவரைச் சேர்க்கலாமே என்று மிஸ் கேட்டார். இருவர் போதும் என்றேன் நான்.

இரண்டாவது விண்ணப்பம்

ஆகஸ்டில் ஓர் உள்ளூர் அறக்கட்டளைக்கு எழுதினோம். இம்முறை நான் பேனாவைத் தொடவில்லை. மூன்று சந்திப்புகளில் தமிழில் பேசித் தமிழில் எழுதினார்கள், மிஸ்ஸின் பழைய மாணவி ஆங்கிலமாக்கினார், ஆங்கிலத்தில் போனதைத் திரும்பத் தமிழில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். கேட்டது 380,000 ரூபா: மாலை வகுப்புக்கு மேசைகளும் மின்விளக்கும், பாவித்த மடிக்கணினி ஒன்று, அச்சியந்திரம், உதவி ஆசிரியைக்கு ஆறு மாதக் கொடுப்பனவு, கணக்காய்வுக் கட்டணம். கணினியையும் அச்சியந்திரத்தையும் மற்றச் சங்கங்கள் எந்த நாட்களில் பாவிக்கும் என்ற அட்டவணையும் இணைக்கப்பட்டது. கதிரைப் பட்டியலும் இரவல் புத்தகத்தின் ஓராண்டுப் பிரதியும் சான்றாகப் போயின.

பார்வையிட வந்தவர் அதே பொருளாளர் அக்காவிடம் மேசை விலையைக் கேட்டார். அக்கா மூன்று கடைகளின் விலைக்கேட்பை எடுத்துப் போட்டு, ஏன் நடு விலையைத் தெரிவுசெய்தோம் என்று பத்து நிமிடம் விளக்கினார். நான் வாசலில் நின்றேன். ஒக்டோபரில் முழுத்தொகையும் அனுமதியானது.

அதே மாதத்தில் ஓர் இழப்பும் நேர்ந்தது. நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலுக்கு முன்பு, ஒரு வேட்பாளரின் ஆட்கள் விளையாட்டுக் கழகத்துக்கு ஜேர்சியும் பந்தும் தர முன்வந்தார்கள். எந்தக் கட்சியின் பதாகையும் நம் சந்திப்பிலோ பொருளிலோ இருக்கக்கூடாது என்பது ஏற்கெனவே பேசிய விதி. கழகம் ஜேர்சியைத் தெரிவுசெய்து விலகியது. சண்டையில்லாமல் போனார்கள், இன்றும் கதிரை இரவல் வாங்குகிறார்கள். இருபது வயதுப் பையன்களுக்கு நாங்கள் ஒரு பந்துகூட வாங்கிக் கொடுத்திருக்கவில்லை என்பதையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும்.

பணம் வந்த பிறகு

நவம்பரில் முதல் தவணை வந்தது. சந்தைச் சாமானுக்கும் ஆட்டோவுக்கும் பில் கிடைக்காது என்பதால், முன்கூட்டியே அறக்கட்டளையிடம் பேசி, குறிப்பிட்ட தொகைவரை அடையாள அட்டை இலக்கமும் கையொப்பமும் உள்ள வவுச்சரை ஏற்பதாக எழுத்தில் வாங்கியிருந்தோம். அந்த ஒரு கடிதம் எங்களைப் பல தலைவலிகளிலிருந்து காப்பாற்றியது.

2025 ஜனவரியில் பொருளாளர் அக்கா குவைத்துக்கு வேலைக்குப் போனார். குடும்பக் கடன், வேறு வழியில்லை, யாரும் அவரைக் குறைசொல்லவில்லை. ஆனால் இரு கையொப்பங்களில் ஒன்று விமானமேறிவிட்டது. புதிய பொருளாளரைத் தெரிவுசெய்யும் கூட்டம், அதன் அறிக்கை, வங்கியில் கையொப்ப மாற்றம் என்று ஏழு வாரம் கணக்கு அசையவில்லை. உதவி ஆசிரியைக்கு இரண்டு மாதக் கொடுப்பனவு தாமதமானது. மரண உதவிச் சங்கம் தன் இருப்பிலிருந்து எழுத்துமூலம் கடன் கொடுத்து அதைச் சமாளித்தது. சங்கங்களுக்கிடையே கைமாறிய முதல் பணம் அதுதான். மார்ச்சில் சதமும் குறையாமல் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

2025 ஜூன் நிலைமை

ஏழில் ஐந்து சங்கங்கள் மாதாந்தச் சந்திப்புக்கு ஒழுங்காக வருகின்றன. நிவாரணக் குழு தேவை வரும்போது மட்டும் வரும், இயந்திரத்தைத் தாராளமாகத் தரும். இரண்டு சங்கங்கள் பதிவுடன் இருக்கின்றன. அறக்கட்டளை இறுதி அறிக்கையை ஏற்றுக்கொண்டது. நிதி முடிந்ததும் மாலை வகுப்பு ஐந்து நாளிலிருந்து மூன்று நாளாகக் குறைந்தது, உதவி ஆசிரியையின் மூன்று நாள் கொடுப்பனவைப் புறக்கோட்டை வியாபாரியும் இன்னொரு கடைக்காரரும் பொறுப்பேற்றிருக்கிறார்கள். மாநகர சபைக்குத் தெரிவான உறுப்பினர்களுக்கு இனிக் கூட்டாகவே கடிதம் கொடுப்பது என்று மே மாதச் சந்திப்பில் முடிவானது.

மறுபடி தொடங்கினால்

இரவல் பட்டியலை முதல் மாதமே போடுவேன். ஒன்றியம், பதவி பற்றிய பேச்சை ஓராண்டாவது எடுக்கமாட்டேன். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் ஒரு கூட்டமும் வைக்கமாட்டேன்.

கையொப்பதாரிகள் மூவர், அவர்களில் எவரேனும் இருவர் என்று யாப்பிலேயே எழுதச் சொல்வேன். வெளிநாட்டு வேலைக்குப் போவது இந்தத் தோட்டங்களில் எந்த வீட்டுக்கும் எந்த மாதமும் வரக்கூடியது. மிஸ்ஸுக்கு அது தெரிந்திருந்தது, எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

உதவி செய்த ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று மாதம் கழித்து ஒருமுறை போய், என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதிவைக்கும் பழக்கத்தை அஸ்வெசும காலத்திலேயே தொடங்கியிருப்பேன். விளையாட்டுக் கழகத்தின் தேவையை வகுப்பறையின் தேவைக்குச் சமமாக மேசையில் வைத்திருப்பேன்.

பெற்றோர் குழுவைப் பற்றி இதுவரை அதிகம் எழுதவில்லை, காரணம் அவர்களுக்காக இன்னும் எதையும் பெற்றுக்கொடுக்கவில்லை. அவர்கள் கேட்பது கட்டிடமல்ல, கணினியல்ல: வாரத்தில் இரண்டு நாள் ஒரு இயன்முறை மருத்துவர் அவர்கள் பக்கம் வந்துபோவதற்கான செலவு. தொடர் செலவு என்பதால் நாங்கள் அணுகிய மூன்று நிதி வழங்குநர்கள் மறுத்துவிட்டார்கள். பதினொரு பிள்ளைகளின் தாய்மார் இப்போதும் ஆட்டோவில் மாறிமாறி ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். ஜூலைச் சந்திப்பை அவர்கள் இடத்தில் வைத்திருக்கிறோம், நிகழ்ச்சி நிரலில் அது ஒன்றுதான் இருக்கிறது.